ஒரே தடம், பன்னிரண்டு மாதம்: காட்டு மருந்தறிவைக் குறிப்பெடுக்கும் முறை

அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் மருந்தறிவு பற்றிய பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. செடியின் பெயர், தாவரவியல் பெயர், பக்கத்தில் "இலைச்சாறு, வயிற்றுவலி" என்று ஒரு வரி. இப்படி நூறு வரி, நூற்றைம்பது வரி. அவற்றில் ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வேளை மருந்தாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். எத்தனை இலை, தளிரா முற்றலா, எதில் அரைப்பது, எதோடு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது, எத்தனை நாள் என்ன பத்தியம் என்று கேட்டால் எதற்கும் பதில் இருக்காது. மூன்று நாள் முகாம் போட்டு, குடியிருப்பின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதினால் அவ்வளவுதான் கிடைக்கும். செடிக்கு முன்னால் நின்று, அதே செடியைப் பருவத்துக்குப் பருவம் பார்த்து, அதே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அந்த வரி ஒரு பக்கமாக வளரும்.

இங்கே சொல்லப்படும் முறை, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காணிக் குடியிருப்புகளை மனத்தில் வைத்தது: சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, இஞ்சிக்குழி. சிறுமலைப் பளியர்களிடமோ செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களிடமோ போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பருவக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டர் போதும். ஓர் ஓடை, ஒரு பாறைச்சரிவு, கொஞ்சம் நிழல் காடு, கொஞ்சம் வெயில் படும் புல்வெளி நான்கும் அதில் வர வேண்டும். மாதம் ஒருமுறை, குறைந்தது ஒரு முழு ஆண்டு அதே தடத்தில் நடக்க வேண்டும். இந்த மலை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்திலும் நனைகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் பாதிச் செடிகள் கண்ணில் படாது.

இதற்கு ஓரிலைத் தாமரையை விட நல்ல சாட்சி இல்லை. நெர்வீலியா என்ற இந்த நில ஆர்க்கிட், கோடை மழை விழுந்ததும் முதலில் வெறும் பூத்தண்டைத் தரைக்கு மேலே அனுப்பும். அப்போது இலை கிடையாது. பூ வாடிக் காய்ந்த பிறகு ஒற்றை இலை விரியும். அப்போது பூ கிடையாது. ஆகஸ்ட் மாதம் ஒருமுறை மட்டும் போகிறவர் இலையைப் படமெடுத்து வருவார். இனம் எது என்று சொல்லப் பூ வேண்டும், அது மே மாதமே போயிற்று. இதோடு ஓரிதழ் தாமரை என்ற பெயரும் குழப்பத்துக்கு வந்து சேரும். அது முற்றிலும் வேறு குடும்பம். ஒற்றை இளஞ்சிவப்பு இதழ் பெரிதாகத் தெரியும் சிறு செடி. இரண்டுக்கும் ஒரே பயனை எழுதிவைத்த பட்டியல்கள் உண்டு. சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார். எழுதியவர் செடியைப் பார்க்காமல் பெயரை மட்டும் காதில் வாங்கியிருப்பார்.

தடத்தில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் மாதந்தோறும் ஒரு கட்டம் ஒதுக்கி, தளிர், மொட்டு, பூ, காய், பழம், இலையுதிர்வு என்று ஓரெழுத்துக் குறியீட்டில் எழுதிவந்தால் போதும். ஆண்டு முடிவில் எந்தச் செடியை எப்போது தேடிப் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். கிழங்கும் வேரும் எடுக்கும் காலத்தைப் பற்றிக் காணிக்காரர் சொல்வதையும் இந்தக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இலை பழுத்த பிறகு தோண்டணும்" என்று ஒருவர் சொன்னால் அது எந்த மாதம் என்பதற்கு உங்கள் கையிலேயே விடை இருக்கும்.

அனுமதி, கூலி

புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வுக்காக நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நுழையக் கிடைத்த அனுமதி, பறிக்கக் கிடைத்த அனுமதி ஆகாது. சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துப் போவதை 29ஆம் பிரிவு தனியாகக் கட்டுப்படுத்துகிறது. விண்ணப்பத்திலேயே "ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை மாதிரி, இன்ன உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) வைக்கப்படும்" என்று எழுதிவிட வேண்டும். பொத்தாம்பொதுவாக "மூலிகைகள் சேகரிப்பு" என்று எழுதினால் கோப்பு நகராது. நகர்ந்தாலும் சோதனைச் சாவடியில் மாட்டும்.

வனத்துறைத் தாள் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) பிரிவு சொல்கிறது. எனவே மூட்டுக்காணியிடம், அதாவது ஊர்த் தலைவரிடம், முதலில் பேசி, பிறகு கிராமசபையில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். என்ன எழுதப் போகிறோம், யாரிடம் காட்டப் போகிறோம், யார் பெயர் வரும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்ற நான்கும் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலாகப் பதிந்துகொள்ளலாம்.

சம்மதம் ஒரு முறை வாங்கி முடிகிற சங்கதியில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே நான்கு படி வைத்துக்கொள்வது நல்லது: குறிப்பேட்டோடு நிற்கட்டும், ஊருக்குள் மட்டும் இருக்கட்டும், வெளியே அச்சிடலாம், வியாபாரத்துக்குப் போனால் மறுபடி எங்களைக் கேட்க வேண்டும். ஒரே வைத்தியர் இருமல் மருந்தை அச்சிடச் சொல்வார், விஷக்கடி மருந்தைக் குறிப்பேட்டுக்கே வேண்டாம் என்பார். அதுதான் இயல்பு. குறிப்பேட்டுக்கும் வேண்டாம் என்று சொன்னதை நினைவிலும் வைத்துக்கொண்டு வந்து இரவில் எழுதாதீர்கள்.

கூலி விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். நாள் கூலி கொடுங்கள், செடிக்கு இவ்வளவு என்று ஒருபோதும் கொடுக்காதீர்கள். செடிக்குக் காசு என்றால் வழியில் உள்ள புல்பூண்டுக்கெல்லாம் பெயரும் வியாதியும் முளைக்கும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேன் எடுக்கும் நாளில், குங்கிலியம் சேர்க்கும் நாளில், மரச்சீனி (மரவள்ளி) தோட்டத்தில் வேலை இருக்கும் நாளில் கூப்பிட்டால் அன்றைய வருமானம் போகும். கூலி அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது அந்த நாள்களில் போகாமல் இருக்க வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிய வாரமும் உதவாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் கூட்டத்தில் மலைப்பாதையே நிரம்பிவிடும், யாருக்கும் உங்களோடு நடக்க நேரம் இருக்காது.

தடத்தில்

காலை ஏழு மணிக்கு முன்பு கிளம்ப வேண்டாம், மாலை நான்குக்குள் குடியிருப்பில் இருக்க வேண்டும். யானையும் கரடியும் நடமாடும் காடு. முன்னால் நடப்பவர் காணிக்காரர், அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், அவர் திரும்பலாம் என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும். நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் சத்தம் கூடும், பேச்சு குறையும்.

பையில் இருக்க வேண்டியவை: கெட்டி அட்டைக் குறிப்பேடு, 2பி பென்சில் (பேனா மை மழையில் கரையும்), நூல் கட்டிய எண் சீட்டுகள், பத்து மடங்கு உருப்பெருக்கி, 15 செ.மீ. அளவுகோல், கிளை வெட்டும் கத்தரி, 500 கிராம் வரை நிறுக்கும் சிறு மின் தராசு, 100 மில்லி அளவுக் குவளை, பழைய செய்தித்தாள், பாலிதீன் உறை, குரல் பதியும் கருவி. தோண்டும் கம்பி அவர்களிடமே இருக்கும், அதை அவர்களே பிடித்தால் வேர் எந்த ஆழத்தில் எப்படி எடுக்கப்படுகிறது என்பதும் பதிவாகும். அட்டைக்கடிக்கு உப்பு, அல்லது புகையிலையும் சுண்ணாம்பும் தடவிய காலுறை. சேங்கொட்டை மரத்தடியில் காயைக் கையால் பொறுக்காதீர்கள், அதன் பால் பட்ட இடம் கொப்புளிக்கும். அகன்ற இலையுள்ள சொறி மரத்தையும் முதல் நாளே காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்துச் செடி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பதினோராவது செடியிலிருந்து குறிப்பு மெலியும்.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். எண் 1இல் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். ஊர் மாறினாலும், ஆண்டு மாறினாலும் மறுபடி 1 வரக் கூடாது. இரண்டு "17" இருந்தால் இரண்டுமே பயனற்றவை. அந்த எண்தான் மாதிரியில் கட்டும் சீட்டிலும், குறிப்பேட்டிலும், குரல்பதிவின் தொடக்கத்தில் வாயால் சொல்வதிலும், முதல் படத்திலும் இருக்க வேண்டும். முதல் படத்தில் எண் எழுதிய சீட்டைச் செடியோடு வைத்து எடுத்துவிட்டால், பிறகு வரும் படங்கள் எந்தச் செடியுடையவை என்ற சந்தேகம் வராது.

படங்களை ஒரே வரிசையில் எடுங்கள்: சுற்றுப்புறத்தோடு முழுச் செடி, தண்டில் இலை அமைந்த விதம், இலையின் மேல்புறம், அடிப்புறம், பூ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், காயும் அதன் குறுக்குவெட்டும், பட்டை அல்லது வேர். அளவுகோல் ஒரு படத்திலாவது இருக்க வேண்டும். கைப்பேசிக்காரர்கள் விட்டுவிடுவது எப்போதும் இலையின் அடிப்புறத்தைத்தான். ரோமமும் நரம்பும் சுரப்பியும் அங்கேதான் இருக்கின்றன.

படம் இருந்தால் மாதிரி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கீழாநெல்லியைக் காட்டலாம். ஊரில் எல்லோரும் கீழாநெல்லி என்று சொல்லும் செடிக்குள் மூன்று நான்கு பில்லாந்தஸ் இனங்கள் இருக்கின்றன. அமாரஸ் என்ற இனத்தின் விதையில் நெடுக்கு வரிகள் இருக்கும், யூரினேரியாவின் விதையில் குறுக்கு வரிகள் இருக்கும், அதன் காயும் சொரசொரப்பாக இருக்கும். எந்தக் கைப்பேசிப் படமும் இதைக் காட்டாது. மூக்கிரட்டையும் சாரணையும் கடைச்சரக்கில் ஒன்றோடொன்று கலந்து வருவதும் இப்படித்தான்: மூக்கிரட்டைக் காயைத் தொட்டால் விரலில் ஒட்டும், பூ தனிக் காம்பில் விரியும், சாரணையின் பூ இலைக்கக்கத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நன்னாரிக்கு இலையை நம்பவே கூடாது, ஒரே கொடியில் ஊசிபோல் ஒடுங்கிய இலையும் அகன்ற இலையும் வரும். வேர்தான் சாட்சி: கம்பிபோல் மெலிந்திருந்தால் நன்னாரி, சதைப்பற்றோடு தடித்திருந்தால் பெரும்பாலும் மாகாளிக்கிழங்கு. சர்பத்துக்கு இரண்டும் மணக்கும் என்பதால் வியாபாரி கவலைப்படுவதில்லை.

மாதிரி எடுப்பதற்கும் அளவுண்டு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருபது செடியாவது இருந்தால் ஒன்றை எடுக்கலாம், இல்லையென்றால் படத்தோடு நிறுத்திவிட வேண்டும். சிறு செடி என்றால் வேரோடு. மரம், கொடி என்றால் பூவோ காயோ உள்ள, ஒரு முழம் நீளக் கிளை. பூவும் காயும் இல்லாத மாதிரியைக் கொண்டுபோனால் உலர்தாவரகத்தில் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆர்க்கிட் எதையும் அனுமதித் தாளில் தனியாகப் பெயர் குறிக்காமல் தொடாதீர்கள்.

மழைக்காலத்தில் உலர்த்துவது

நல்ல மாதிரிகள் பெரும்பாலும் காட்டில் கெடுவதில்லை, திரும்பி வந்த முதல் இரண்டு இரவுகளில்தான் கெடுகின்றன. செய்தித்தாளை மடித்தால் ஏறக்குறைய 42 செ.மீ.க்கு 28 செ.மீ. வரும், உலர்தாவரகத் தாளின் அளவும் அதுவே. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, ஒன்றிரண்டு இலைகளையாவது அடிப்புறம் மேலே தெரியத் திருப்பி வையுங்கள். நீளமான செடியை வி அல்லது என் எழுத்துப்போல் மடிக்கலாம். மரச்சட்டத்துக்கு இடையே வைத்துப் பட்டையால் இறுக்க வேண்டும். கை வைத்து ஆட்டினால் அடுக்கு ஆடக் கூடாது.

முதல் 24 மணி நேரத்தில் செடி தன் ஈரத்தைக் கக்கிவிடும். அந்தத் தாளை மறுநாளே மாற்றுவது கட்டாயம். அப்போது இலைகள் துவண்டிருக்கும் என்பதால் மடிந்ததை நிமிர்த்திவிடவும் அதுவே நல்ல நேரம். அடுத்த மூன்று நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். உதட்டருகே வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் மாற்றினாலும் காயாது. மாற்றும் தாளே ஈரமாக இருக்கும். குடியிருப்பில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் அங்கே வைக்கக் கேட்கலாம், மிதமான சூடும் புகையும் போதும். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் இலை கருகி, தொட்டாலே நொறுங்கும். அதுவும் முடியாதபோது மாதிரிகளைத் தாளோடு கட்டாக்கி, தடித்த பாலிதீன் பையில் போட்டு, கட்டு நனையும்வரை சாராய ஸ்பிரிட்டைத் தண்ணீர் கலந்து ஊற்றி வாயை ஒட்டிவிட்டால், சில வாரம் தாங்கும், ஊருக்கு வந்து உலர்த்தலாம். நிறம் போய்விடும். ஆகையால் பூவின் நிறம், மணம், பாலின் நிறம் மூன்றையும் பறித்த இடத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உலர்ந்த மாதிரியில் தெரியாத எதையும் குறிப்பேடு சொல்ல வேண்டும் என்பதே கணக்கு.

சதைப்பற்றுள்ள செடிகள் தாளுக்குள்ளேயே உயிரோடிருந்து துளிர்விடும். கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் அடங்கும். கிழங்கை நீளவாக்கில் கீறி வைக்க வேண்டும். புல்லுருவி போன்றவை காயக் காய எல்லா இலையையும் உதிர்த்துவிடும், அவற்றுக்கும் கொதிநீர்தான். உதிர்ந்த விதை, இலை எதையும் வீசாமல் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். பூச்சிக்கு, நன்றாக உலர்ந்த கட்டைப் பாலிதீனில் இறுகச் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் போதும். பழைய புத்தகங்கள் சொல்லும் பாதரசக் குளோரைடு கரைசல் பக்கம் போகவே வேண்டாம். அது பூச்சியை மட்டும் கொல்வதில்லை. இனத்தை உறுதிசெய்யக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகமும் இருக்கின்றன. ஒரு மாதிரியை அங்கே கொடுத்து, அவர்கள் தரும் சேர்க்கை எண்ணை உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்பது

"இது எதுக்கு ஆகும்?" என்பது மோசமான கேள்வி. அதற்கு எப்போதும் ஒரு வியாதியின் பெயர்தான் பதிலாக வரும். "இதைக் கடைசியா யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டால் ஆள் வரும், பருவம் வரும், எத்தனை வேளை என்று வரும், குணமானதா இல்லையா என்பதும் வரும். குணம் தராமல் போன மருந்தைப் பற்றிப் பேச வைத்தீர்களானால் உங்கள் குறிப்பு நல்ல குறிப்பு. "சுகருக்கு ஆகுமா?", "கேன்சருக்கு ஆகுமா?" என்று வாயில் வார்த்தை வைப்பது பெரும் பாவம். வந்தவர் மனம் கோணக் கூடாதென்று "ஆகும்" என்பார்கள்.

வியாதிப் பெயரை மருத்துவமனைப் பெயராக மாற்றி எழுதாதீர்கள். "மேகம்" என்றால் ஒருவருக்கு உடம்புச் சூடு, இன்னொருவருக்கு வெள்ளைப்படுதல், மற்றொருவருக்குத் தோல் படை. "கட்டி" என்றதைப் புற்றுநோய் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதி, "எப்படித் தெரியும்? உடம்பில் என்ன காணும்?" என்று அறிகுறிகளைக் கேட்டு அடுத்த வரியில் எழுதினால், பின்னால் ஒரு சித்த மருத்துவரோ அலோபதி மருத்துவரோ பார்த்துப் புரிந்துகொள்வார்.

அளவுகள் தனி வேலை. சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, ஒரு பிடி, மூன்று விரலால் அள்ளும் திரிகடி என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்னதையும் எழுதி, தராசில் வைத்ததையும் எழுத வேண்டும். பிடி என்றால் அவரையே மூன்று முறை பிடித்து வைக்கச் சொல்லி மூன்றையும் நிறுத்து, மூன்று எண்ணையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதினால் கை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது மறைந்துபோகும். பச்சையா உலர்ந்ததா என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். கீரை போன்ற இலை காய்ந்தால் எடையில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும் என்பதால், இந்த ஒரு சொல் விட்டுப்போனால் அளவு நான்கைந்து மடங்கு பிசகும். சித்த மருத்துவத்தின் இன்றைய கணக்கில் பலம் 35 கிராம், கழஞ்சு 5.1 கிராம், குன்றி 130 மில்லிகிராம், ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி. ஆனால் மலையில் ஒருவர் "உழக்கு" என்றால் அவர் வீட்டு உழக்கைத் தண்ணீர் ஊற்றி அளந்துதான் பார்க்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து மாற்றக் கூடாது.

கஷாயம் என்றால் எத்தனைக்கு எத்தனை வற்றினது என்பதே மருந்து. நாலுக்கு ஒன்றாக வற்றியதும் எட்டுக்கு ஒன்றாக வற்றியதும் வேறு வேறு. செய்து காட்டச் சொல்லி, தண்ணீரை ஊற்றும் முன் அளந்து, இறக்கிய பின் அளந்து, எவ்வளவு நேரம் ஆயிற்று, மண்சட்டியா அலுமினியமா, மூடியா திறந்தா என்று எழுதுங்கள். தேனா கருப்பட்டியா பாலா, எதில் குழைத்துக் கொடுப்பது. புளி, உப்பு, மீன் எதைத் தள்ள வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கலாமா, பால்குடிப் பிள்ளைக்கு எவ்வளவு குறைப்பது. மிஞ்சிப் போனால் என்ன ஆகும், அதற்கு முறிவு என்ன. கடைசி இரண்டு கேள்விக்குப் பதில் இல்லாத மருந்துக் குறிப்பை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

விஷச் செடிகள் விஷயத்தில் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தளின் கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்னும் காட்டுக்கிழங்கு என்று எண்ணி உண்டால் உயிரே போகும். அடையாளம், ஆபத்து இரண்டையும் விரிவாக எழுதலாம். விஷத்தை நீக்கும் சுத்தி முறையையும் உள்ளுக்குக் கொடுக்கும் அளவையும் பொதுப் பதிப்பில் சேர்ப்பது சரியல்ல என்பது எங்கள் கருத்து. படிக்கிறவர்களில் ஒருவர் வீட்டில் செய்து பார்ப்பார். செடியை நாக்கில் வைத்துச் சோதிப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரை மண்ணாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு எல்லா இலையையும் மெல்லத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒத்துப்பார்ப்பது

ஒரே செடியைப் பற்றி மூன்று பேரிடம், தனித்தனியாக, வெவ்வேறு பயணத்தில் கேளுங்கள். கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் வயதில் மூத்தவர் சொன்னதே எல்லோருடைய பதிலும். பெண்களிடம் பெண்கள் தனியாகப் பேச வேண்டும். பேறுகாலம், மாதவிலக்கு, பிள்ளை மருந்து எல்லாம் அங்கேதான் இருக்கிறது, ஆண்களின் பட்டியலில் அது வராது. முதலில் சொன்னவரிடமே ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அளவு மாறினால் அது பொய்யல்ல. பருவத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப அவர் மாற்றுகிறார் என்பதே பெரும்பாலும் காரணம், அந்த விதியைக் கேட்டு எழுத வேண்டும்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்ற கேள்வி எல்லாச் செடிக்கும் கட்டாயம். காய்ச்சலுக்கு நிலவேம்பு என்று இன்று தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் சொல்வார்கள். டெங்கு காலத்தில் அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம். இதே செடியைச் சிறியாநங்கை என்ற பெயரில், பாம்புக்கடியோடு சேர்த்து, பாட்டன் சொன்னதாக ஒருவர் சொன்னால் அது வேறு வழியாக வந்த அறிவு. தொலைக்காட்சி, யூடியூப், மருத்துவ முகாம், பாட்டன் எதுவானாலும் தள்ள வேண்டாம், எங்கிருந்து வந்தது என்று எழுதினால் போதும்.

எண்ணிக்கைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒருமிப்புக் குறியீடு போடுவார்கள். ஒரு நோய்க்குக் கிடைத்த பயன்பாட்டுக் குறிப்புகளின் எண்ணிக்கையிலிருந்து செடிகளின் எண்ணிக்கையைக் கழித்து, குறிப்புகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்ததால் வகுப்பது. 30 குறிப்புகள், 6 செடிகள் என்றால் 24ஐ 29ஆல் வகுக்க 0.83. ஒன்றுக்கு நெருங்கினால் ஊரே ஒரே செடியைச் சொல்கிறது என்று பொருள். ஆய்வேட்டுக்கு உதவும். ஆனால் இது எல்லோருக்கும் தெரிந்த சளி, இருமல் மருந்தைத்தான் மேலே தூக்கும். ஊரில் ஒரே ஒருவருக்குத் தெரிந்த எலும்புமுறிவுக் கட்டு அடியில் கிடக்கும். முதலில் பதிய வேண்டியது அதுதான்.

வெளியே போகும் முன்

ஆரோக்கியப்பச்சையின் கதையை இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். 1987இல் மலையின் கேரளப் பக்கத்தில், ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் பழத்தைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, உரிமத்தைப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தது. அதில் பாதியைக் காணிகளுக்கென ஒதுக்க, 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுதும் நல்ல உதாரணமாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் சொன்னவர்கள் வழிகாட்டிகள் சிலர், மருந்தறிவுக்குப் பொறுப்பான பிலாத்திகள் சிலரோ வெளியே கொடுத்ததை எதிர்த்தார்கள். பழத்தைத் தின்பது மரபு, மருந்துக்கு எடுத்தது இலை. இலை வேண்டும் என்றானதும் காட்டிலிருந்து எடுக்கலாமா என்று வனத்துறையோடு சிக்கல் வந்தது. யார் சொல்லலாம், எந்தப் பாகம், எவ்வளவு எடுத்தால் காடு தாங்கும் என்ற மூன்றையும் பதிவேட்டிலேயே எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

அச்சில் வந்த பிறகு திரும்ப எடுக்க முடியாது. மரபறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அது பிறர் விற்பதைத் தடுக்காது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம், நூல்களில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து, அதாவது கிடைக்கும் பயனில் சமூகத்துக்குப் பங்கு தருவதிலிருந்து, விலக்குத் தருகிறது. வாய்மொழி அறிவை அவசரமாக அச்சில் ஏற்றும் முன் இதை ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் செடியின் பெயரும் இருப்பும் இருக்கலாம், செய்முறை தனிக் கோப்பில் ஊரிடமே இருக்கலாம். அரிய செடி நிற்கும் இடத்தின் துல்லியப் புள்ளியை எந்த வெளியீட்டிலும் தராதீர்கள், "பாபநாசம் மலை" என்றால் போதும்.

ஆண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, படங்களோடு, சொன்னவர்கள் முன்னால் செடி செடியாக வாசிக்க வேண்டும். இதற்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். திருத்தங்களை வேறு நிற மையில், பழைய எழுத்தை அடிக்காமல், தேதியோடு எழுதுங்கள். நீக்கச் சொன்னதை அங்கேயே நீக்கி, குரல்பதிவையும் அழித்துக் காட்ட வேண்டும். நீக்கிய எண்ணை வேறு செடிக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிரதி மூட்டுக்காணியிடம், ஒன்று பள்ளியில், தகரப் பெட்டியில்; கரையானும் ஈரமும் மலையில் காகிதத்தை விட்டுவைக்காது. குரல்பதிவு மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்று ஊரில் நினைவட்டையில். அடுத்த சுற்றை எந்த மாதம் தொடங்குவது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பேசிவிடலாம்; பருவக் கட்டங்களில் பூவோ காயோ எழுதப்படாமல் காலியாகக் கிடக்கும் செடிகளை வாசித்தால், எப்போது வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.